கேள்வி: காதால் கற்றவர்களின் வரலாறு



நினைவுச் சொற்பொழிவு என்பது மறைந்தவர் விட்டுச் சென்ற வேலை எங்கே நிற்கிறது என்று கணக்குப் பார்க்கும் நாள். அந்தக் கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் கைவிட்டவர்கள், வயது வந்த பிறகு, வேலை நேரம் போக மிச்சமிருந்த பொழுதில் எப்படிக் கற்றார்கள்? குறிப்பாக, இங்கிலீஷை எப்படிக் கற்றார்கள்? மாலை வகுப்புகளிலும் படிப்பு வட்டங்களிலும் 'கேட்டல் பயிற்சி', 'கலந்துரையாடல் பயிற்சி' என்று இன்று சொல்கிறார்கள். இவை ஏதோ புதிய கற்பித்தல் முறைபோலத் தோன்றும். ஆனால் நம் மக்களுக்கு இது பழைய வழி. பலருக்கு இருந்த ஒரே வழியும் இதுதான்.

காதின் மீது போட்ட பூட்டு

தமிழில் 'கேள்வி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, காதால் கேட்பது. இன்னொன்று, வாயால் வினவுவது. கேட்டவன் கேட்பான் என்பதை மொழியே சொல்லி வைத்திருக்கிறது. திருக்குறளில் 40ஆவது அதிகாரம் கல்வி, 41 கல்லாமை, 42 கேள்வி. கல்லாமைக்கு அடுத்த வாசலாகக் கேள்வியை வைத்தவர் வள்ளுவர். படிக்காதவன் ஆனாலும் கேட்கட்டும், தளர்ந்த நேரத்தில் அது ஊன்றுகோலாகும் என்பது அந்த அதிகாரம் சொல்லும் சேதி.

அந்த வாசலையும் அடைத்த மரபு ஒன்று இந்த நாட்டில் இருந்தது. வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். சூத்திரனுக்கே இது என்றால், நான்கு வருணத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏடு கைக்கு வருவதைத் தடுத்தால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. காதுக்குப் போனாலே ஆபத்து என்று நினைத்தார்கள். கேட்பதும் கற்பதுதான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் சில நேரம் மறந்துபோகிறது.

ஆகவே, ஒடுக்கப்பட்டவர் கல்வியின் வரலாற்றைப் பள்ளிகள் திறந்த தேதியிலிருந்து தொடங்குவது பாதி வரலாறு. பூனாவில் 1848இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய ஜோதிராவ் பூலேவும் சாவித்திரிபாயும், 1855இல் உழைப்பாளிகளுக்காக இரவுப் பள்ளியும் நடத்தினார்கள். குழந்தைக்குக் கல்வி என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. அதே நேரத்தில் சென்னையில் எந்தப் பள்ளியும் இல்லாமலே ஒரு கூட்டம் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தது. அவர்களைப் பற்றி நம் கல்வி வரலாறுகள் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

பட்லர் இங்கிலீஷ்

யாராவது தப்பும் தவறுமாக இங்கிலீஷ் பேசினால் 'பட்லர் இங்கிலீஷ்' என்று சிரிக்கிறோம். அந்தச் சிரிப்புக்கு ஒரு வரலாறு உண்டு.

சென்னை ராஜதானியில் வெள்ளைக்கார துரைகளின் வீடுகளில் சமையல்காரராகவும் பட்லராகவும் ஆயாவாகவும் வேலை செய்தவர்களில் பறையர் சமூகத்தினர் ஏராளம். மாட்டிறைச்சி சமைக்கும் அடுப்படிக்கு மற்ற சாதியார் எளிதில் வரமாட்டார்கள். அப்படிப் போனவர்கள் சிலேட்டு இல்லாமல், வாத்தியார் இல்லாமல், காதால் மட்டுமே ஒரு மொழியைக் கற்றார்கள். உத்தரவைக் கேட்டார்கள், விருந்து மேசைப் பேச்சைக் கேட்டார்கள், அதை வைத்துப் பதில் சொன்னார்கள், கடைக்கணக்கு ஒப்பித்தார்கள்.

1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில் பட்லர் இங்கிலீஷுக்குத் தனிப் பதிவே இருக்கிறது. சென்னை வேலைக்காரர்களின் உடைந்த இங்கிலீஷ் என்று அது இளக்காரமாகத்தான் சொல்கிறது. ஆனால் அதே பதிவு தரும் உதாரணங்களைப் பாருங்கள். 'ஐ டெல்லிங்' என்றால் சொல்வேன். 'ஐ டன் டெல்' என்றால் சொல்லிவிட்டேன். இதில் ஒழுங்கு இருக்கிறது. 'சொல்லிவிட்டேன்' என்பதில் 'விட்டேன்' செய்கிற வேலையை அங்கே 'டன்' செய்கிறது. கேட்ட மொழியைத் தன் மொழியின் அச்சில் வார்த்து எடுத்திருக்கிறார்கள். 1891இல் ஹூகோ ஷூகார்ட் என்ற மொழியியல் அறிஞர் இந்தியாவில் பேசப்பட்ட இங்கிலீஷ் வகைகளைப் பற்றி எழுதியபோது, இந்தச் சென்னைப் பேச்சையும் ஆராய்ச்சிக்குரிய மொழியாக எடுத்துக்கொண்டார். ஐரோப்பாவில் இருந்த அறிஞருக்கு அது ஆய்வுப் பொருள். உள்ளூர்ப் படிப்பாளிக்கு அது கேலிப் பொருள்.

கேலி செய்தது இலக்கணத்தை அல்ல. யார் பேசுகிறார் என்பதைப் பார்த்துத்தான் சிரிப்பு வந்தது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இன்றும் நம் பிள்ளைகள் வாயைத் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் இலக்கணம் தெரியாதது அல்ல, அந்தச் சிரிப்பைப் பற்றிய பயம்.

அந்த அடுப்படிகளிலிருந்து என்ன வந்தது என்றும் பார்க்க வேண்டும். பண்டிதர் அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன், ஒரு துரையிடம் பட்லராக இருந்தவர். அவர் தம்மிடம் இருந்த குறள் ஏட்டை அந்தத் துரைக்குக் கொடுத்தார், அது எல்லிஸின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். பட்லர் வேலை பார்த்தவர் வீட்டில் திருக்குறள் ஏடு இருந்தது. அறிவில்லாதவர் என்று சொல்லப்பட்டவர் வீட்டிலிருந்து அறிவு வெளியே போனது.

மணி அடித்த பிறகு

அடுத்த தலைமுறை பள்ளிக்குள் நுழைந்தது. 1893இல் பஞ்சமர் கல்விக்கான 68ஆம் எண் அரசாணை வந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறு பகுதியில் தமது முதல் இலவசப் பள்ளியைத் திறந்தார். ஆனால் உள்ளே நுழைந்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தமது ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கோயம்புத்தூர்க் கல்லூரி நாட்களைப் பற்றிச் சொல்கிறார். உடன் படித்தவர்களில் பெரும்பாலோர் பார்ப்பனர். தன் சாதியும் குடும்பமும் தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்களே என்ற அச்சத்தில், பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். முடிந்ததும் வேகமாக வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

மாணவர்களே, இதைக் கல்விக் கண்ணால் பாருங்கள். அவருக்குப் பாடம் கிடைத்தது, புத்தகம் கிடைத்தது. கிடைக்காதது பேச்சு. மணி அடிப்பதற்கு முன்னும் பின்னும் மரத்தடியில் நடக்கிற அரட்டை, வாதம், கிண்டல், திருத்தம் எதுவும் அவருக்கு இல்லை. மொழி வளர்வதே அங்கேதான். தீண்டாமை என்பது கிணற்றிலும் கோயிலிலும் மட்டும் இருக்கவில்லை. உரையாடலிலும் இருந்தது.

அப்படிப் பேச்சு மறுக்கப்பட்டவர் பின்னாளில் செய்தது என்ன? 1893 அக்டோபரில் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். அதே ஆண்டு, ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, அது ஒரு சாதியாரின் கையில்தான் நிர்வாகத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று எதிர்த்தார். 112 அடி நீளத்தில் 3412 பேர் கையெழுத்திட்ட மனு லண்டன் பாராளுமன்றத்துக்குப் போனது. பிறகு தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். ஒருவர் சொல்வதை உன்னிப்பாகக் கேட்டு, இன்னொரு மொழியில் பிசகாமல் சொல்கிற வேலை அது. வகுப்புத் தோழனிடம் பேச அஞ்சியவர், 1930இல் வட்டமேசை மாநாட்டில் பாபாசாகேப் அம்பேத்கரின் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்.

ஒரு பைசா, பல காதுகள்

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். ஓராண்டில் அது 'தமிழன்' ஆனது. கோலார் தங்கவயல், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று நம் மக்கள் கூலிக்குப் போன இடமெல்லாம் அது போனது. 1914இல் பண்டிதர் மறைந்த பின்னர், 1926 முதல் கோலார் தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் அதை மறுபடி நடத்தினார்.

சுரங்கத்துக்குள் இறங்கும் தொழிலாளரிடையே எழுத்தறிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பத்திரிகையின் பலத்தை விற்ற பிரதிகளைக் கொண்டு அளந்தால் கணக்கு தவறும். அந்தக் காலத்தில் ஒரு பிரதி என்பது ஒரு வாசகன் அல்ல. ஒருவர் படிக்க, சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள். சாக்கிய பௌத்த சங்கங்களின் கூட்டங்களில் சொற்பொழிவு நடக்கும். 'தமிழன்' பக்கங்களில் வாசகர் கேட்ட வினாவும் பண்டிதர் தந்த விடையும் நிறைந்திருக்கும். கேட்டவர்கள் கேட்டார்கள். கேள்வி என்ற சொல்லின் இரண்டு பொருளும் அங்கே ஒன்றாக நின்றன.

1920களில் சென்னையில் எல்.சி. குருசாமி, அருந்ததியர் குடியிருப்புகளில் இரவுப் பள்ளிகள் நடத்தினார். தோல் வேலையும் துப்புரவு வேலையும் முடித்து வருகிறவர்களுக்குப் பகல் பள்ளி பயன்படாது என்பது அவருக்குத் தெரியும். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். பம்பாயில் பாபாசாகேப்பின் மக்கள் கல்விக் கழகம் 1946இல் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகிறவர்களும் படிக்கும்படி காலை நேர வகுப்பு நடத்தியது. அங்கே மாணவர் நாடாளுமன்றம் என்ற விவாத மன்றமும் நடந்தது. பாபாசாகேப்பே அதில் வந்து பேசினார். பட்டம் மட்டும் போதாது, எழுந்து நின்று எதிர்வாதம் செய்யத் தெரிய வேண்டும் என்று நினைத்தவர் அவர். 1919இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொன்ன நாளிலிருந்து அவர் செய்துகொண்டிருந்ததும் அதுதான்.

உழைப்பாளிகள் காதால் கற்பது உலகம் அறிந்த வழி. கியூபாவில் சுருட்டு ஆலைகளில் 1865இல் ஒரு வழக்கம் தொடங்கியது. தொழிலாளர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் மேடையில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் உரக்கப் படிப்பார். அவருக்குத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து காசு போட்டுச் சம்பளம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஸ்பானிய ஆட்சி அதைத் தடை செய்தது. இருந்தும் வழக்கம் சாகவில்லை. கண்ணூர் பீடித் தொழிலாளர்களிடமும் இதே வழக்கம் உண்டு. படிக்கிறவரின் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். கை வேலை செய்யும், காது படிக்கும்.

சிவகாசியில் அது நடக்கவில்லை. ஏன் என்பதை நாம்தான் கேட்க வேண்டும். 1923 வாக்கில் தீப்பெட்டித் தொழில் இங்கே வேரூன்றியது. துண்டு வேலைக்குக் கூலி, எண்ணிக்கைக்குக் காசு. விடியுமுன் கிராமத்துக்கு பஸ் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. 1990இல் வந்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் அதைக் காட்டியது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1988இல் சிறப்புப் பள்ளித் திட்டம், 1991லும் 1996லும் உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் என்று வந்து நிலைமை மாறியது. ஆனால் அன்று குச்சி அடுக்கிய பிள்ளைக்கு இன்று ஐம்பது வயது. சட்டம் அவர்களுடைய பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. அவர்களுடைய இழந்த பள்ளியை யாரும் திருப்பித் தரவில்லை. வயது வந்தோர் கல்வி என்பது தர்மமோ தயவோ அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். அது பாக்கி.

பட்டா, படி

அந்தப் பாக்கியில் கொஞ்சம் தந்தது அறிவொளி இயக்கம். 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம், 1990இல் எர்ணாகுளம், 1991இல் புதுக்கோட்டை என்று அந்த அலை வந்தது. தமிழ்நாட்டு அறிவொளிப் பாடப்புத்தகம் 'அ, ஆ' என்று தொடங்கவில்லை. 'பட்டா', 'படி' என்ற சொற்களோடு தொடங்கியது. 1892இல் வந்த ஆணையின் வழி கிடைத்த பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற சேரியில், பட்டா என்ற சொல்லைச் சிலேட்டில் எழுதினால் என்ன நடக்கும்? எழுத்துக்கூட்டுவதற்கு முன் பேச்சு தொடங்கிவிடும். நம் பட்டா எங்கே? யார் பேரில் இருக்கிறது? யார் கைநாட்டு வாங்கினார்கள்?

பிரேசிலில் பாவ்லோ பிரேரே காட்டிய வழி இது. 1963இல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 உழைப்பாளிகள் சுமார் 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றார்கள். அங்கே வாத்தியார், மாணவர் என்று சொல்லவில்லை, வட்டம் என்று சொன்னார்கள். அவர்களுடைய வாழ்க்கையில் புழங்கும் சொல்லை எடுத்து, முதலில் அதைப் பற்றிப் பேசி, பிறகு எழுதினார்கள். மறு ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் பிரேரேவைச் சிறையில் போட்டது.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜான்ஸ் தீவு என்று ஓர் இடம். வாக்காளராகப் பதிய வேண்டுமானால் அரசமைப்புச் சட்டத்தைப் படித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லிக் கறுப்பின மக்களைத் தள்ளி வைத்திருந்தார்கள். 1957 ஜனவரி 7ஆம் தேதி, ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் 14 பேரோடு வகுப்பு தொடங்கியது. ஆசிரியர் பெர்னிஸ் ராபின்சன் பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்ல, சிகை அலங்காரம் செய்பவர். அவர் முதலில் கேட்டது, நீங்கள் என்ன கற்க வேண்டும் என்றுதான். பெயரெழுத வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அதையே பாடமாக்கினார். சுவரில் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டி வைத்து, வகுப்பு முடிவதற்குள் இதைப் படிப்பீர்கள் என்றார். இப்படித் தொடங்கியவைதான் பின்னர் குடியுரிமைப் பள்ளிகளாகத் தென் மாநிலங்கள் முழுக்கப் பரவின.

நம் அறிவொளி கையெழுத்து வரைக்கும் வந்தது. கைநாட்டு போய்க் கையெழுத்து வந்தது சின்ன விஷயமல்ல. ஆனால் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறோம், அது எந்த மொழியில் இருக்கிறது என்ற இடத்தில் இயக்கம் நின்றுவிட்டது.

இங்கே, இன்று

அந்த இடத்திலிருந்துதான் ஆலங்குளத்தில் நாம் தொடங்க வேண்டும்.

2021 பிப்ரவரி 12ஆம் தேதி, நமக்குப் பக்கத்து அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தது. 20க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் அதைவிடக் கூடுதல். ஒவ்வொரு வெடிப்புக்குப் பிறகும் செத்தவர் வீட்டுக்குள் காகிதங்கள் வருகின்றன. அச்சங்குளம் விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. ஆணை இங்கிலீஷில். அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது பிரிவின்படி உச்சநீதிமன்றமும் உயர்நீதிமன்றமும் நடப்பது இங்கிலீஷில். வெடிபொருள் உரிமத்தின் நிபந்தனைகளும் இங்கிலீஷில். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பது அந்தக் காகிதத்தில் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து திரி வைப்பவருக்கு அது தெரியாது.

2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்சநீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி தந்தது. இந்தப் பகுதியின் அடுப்பு எரியுமா எரியாதா என்பதைத் தீர்மானித்த வாக்கியங்கள் அவை. அவற்றை நாம் முதலாளி சொல்லிக் கேட்டோம், டி.வி. சொல்லிக் கேட்டோம். மூலத்தைக் கேட்கவும் இல்லை, அதைப் பற்றி நம் கேள்வியைக் கேட்கவும் இல்லை.

ஆகவே, இங்கே நடக்கும் மாலை வகுப்புகளுக்கு நான்கு வேண்டுகோள்களை இந்த வரலாற்றிலிருந்து எடுத்து வைக்கிறேன்.

முதலாவது, காதிலிருந்து தொடங்குங்கள். பாடத்தை முதலில் இரண்டு முறை உரக்க வாசியுங்கள். புத்தகம் மூடியிருக்கட்டும். காதில் விழுந்த ஒரே ஒரு சொல்லை ஒவ்வொருவரும் சொல்லட்டும். பத்துப் பேர் சேர்ந்தால் பாதி வாக்கியம் கிடைத்துவிடும். தனியாகத் தெரியாதது கூட்டாகத் தெரியும் என்பதே முதல் பாடம்.

இரண்டாவது, சொற்களை ஆபீஸிலிருந்து எடுங்கள். லண்டன் ரயில் நிலையத்தில் டிக்கெட் வாங்கும் உரையாடல் நமக்கு எதற்கு? லைசென்ஸ், டேஞ்சர், பி.எஃப்., இ.எஸ்.ஐ., காம்பன்சேஷன் எல்லாம் ஏற்கெனவே நம் நாக்கில் இருக்கின்றன. பேச்சில் இருப்பதை எழுத்தில் அடையாளம் காட்டுங்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு வகுப்பும் ஒரு கேள்வியோடு முடியட்டும். பதில் சொல்லும் பயிற்சி நமக்குத் தலைமுறையாக உண்டு. எஸ் சார், நோ சார் என்று சொல்லப் பழக்கிவிட்டார்கள். ஏன், எவ்வளவு, எந்தத் தேதியில், யார் கையெழுத்து என்று இங்கிலீஷில் கேட்கும் பயிற்சிதான் இல்லை. ஒரு படிப்பு வட்டத்தில் பத்து வாரத்தில் பத்துக் கேள்விகளை ஒரு பெண் கூசாமல் கேட்கப் பழகினால் போதும், அந்த வகுப்பு வென்றது.

நான்காவது, சிரிப்பைத் தடை செய்யுங்கள். தவறாகப் பேசுபவரைப் பார்த்துச் சிரிக்கிற இடத்தில் பட்லர் இங்கிலீஷின் பழைய மேசை திரும்பவும் போடப்படுகிறது. திருத்துங்கள், பேசி முடித்த பிறகு திருத்துங்கள்.

தமிழ் என்ன ஆவது என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அயோத்திதாசர் இங்கிலீஷும் பாலியும் அறிந்தவர், எழுதியது தமிழில். எம்.சி. ராஜா தமிழர், உலகத்துக்குச் சொல்ல வேண்டியதை 1925இல் இங்கிலீஷில் நூலாக எழுதினார். பாபாசாகேப்பின் இங்கிலீஷ் எழுத்துகள் 37 தொகுதிகளாகத் தமிழில் வந்த பிறகுதான் நம் சேரிப் படிப்பகங்களில் விவாதமாயின. நம் முன்னோர் ஒரு மொழிக்காக இன்னொன்றை விடவில்லை. எஜமானன் எந்த மொழியில் ஒளிந்துகொள்கிறானோ, அந்த மொழிக்குள் போய்த் தேடினார்கள். கண்டதைத் தமிழில் வந்து சொன்னார்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு முடிந்துவிடுகிறது. நம் மக்களின் கல்வி பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தொடங்கியிருக்கிறது. அடுப்படியில், சுரங்கத்தில், சங்கத்தில், இரவுப் பள்ளியில், அறிவொளி விளக்கடியில் தொடங்கியது. நாளை மாலை இதே ஊரில் ஒரு வகுப்பு கூடும்போது, உரிமத்தின் நிபந்தனைத் தாள் ஒன்றை நடுவில் வையுங்கள். ஒருவர் வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். அதன் பிறகு எல்லோரும் கேட்கட்டும்.

ஜெய் பீம்.